முன்வரிசைக் கற்கள்

கூட்டம் போட்டே பேர் வாங்கிய ஒரு காட்டில், குளக்கரை விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. கரைக்குக் கீழேதான் கீரியின் வளை. உள்ளே கண் திறக்காத குட்டிகள்.

கீரி தலைவர் யானையாரிடம் ஓடியது. "கவலைப்படாதே, கூட்டம் போட்டுவிடலாம்" என்றார் அவர்.

மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். வரவேற்றுப் பேச மயில் எழுந்தது.

"தும்பிக்கையால் எங்களைத் தாங்கும் தலைவர் அவர்களே! தேனுக்கே இனிப்புச் சொல்லித் தரும் கரடி அவர்களே! கிழங்கு தோண்டுவதில் நிகரற்ற காட்டுப்பன்றி அவர்களே!"

ஒரு பெயரை விட்டாலும் பொல்லாப்பு அல்லவா? நத்தை அவர்களுக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"ஐயா, கரை..." என்று இழுத்தது கீரி.

"அதுதானே முக்கியம்! நாளைக்கு விரிவாகப் பேசுவோம்" என்றார் யானையார்.

மறுநாள், தன் பெயரைக் கரடிக்குப் பின்னால் சொன்னதாகப் பன்றி முறைத்துக்கொண்டது. சமாதானம் பேசவே கூட்டம் சரியாகப் போயிற்று. இதற்குள் வளைக்குள் ஈரம் ஏறிவிட்டது. கீரிக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் ஓர் இரங்கல் கூட்டம் போட்டுவிடுவார்களே என்று பயந்து அடக்கிக்கொண்டது.

பிறகு மெல்லச் சொன்னது: "தலைவரே, இத்தனை பெரியவர்கள் வெறுந்தரையிலா உட்காருவது? நாளைக் கூட்டத்தைக் கரையில் வைப்போம். ஆளுக்கொரு கல் ஆசனம். பெரிய கல் கொண்டு வருபவருக்கு முன்வரிசை!"

விடிந்ததும் விடியாததுமாகக் கரடி ஒரு பாறையை உருட்டி வந்தது. பன்றி அதைவிடப் பெரியதை முட்டித் தள்ளி வந்தது.

"முன்வரிசை இதோ" என்று விரிசலைக் காட்டியது கீரி. கற்கள் அதற்குள் நெருக்கியடித்து இறங்கின. கல் தூக்க முடியாத மயில், இடுக்குகளில் களிமண்ணைக் கொட்டித் தனக்கு மேடை கட்டிக்கொண்டது.

யானையார் வந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"என்னைவிட உயரத்தில் உட்காருவதா?"

கல்லையும் மண்ணையும் மிதி மிதியென்று மிதித்துத் தரையோடு அழுத்தினார். கசிவு நின்றே போனது.

மயில் தொண்டையைச் செருமியது. "தலைவர் அவர்களே..."

"நன்றியுரைக்கே போய்விடலாம். கரை அடைபட்டுவிட்டது" என்றது கீரி.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யானையார் தும்பிக்கையைத் தூக்கி முழங்கினார்.

"பார்த்தீர்களா! கூடிப் பேசினால் ஆகாத காரியம் உண்டா?"

ஆரவாரம் காதைப் பிளந்தது. கீரி அதைக் கேட்க அங்கே இல்லை. வளைக்குள் குட்டிகளை நக்கித் துவட்டிக்கொண்டிருந்தது.

நீதி: வேலை கிடக்கும் இடத்துக்கே கூட்டத்தை இழுத்து வந்தால், பாதி வேலை பேசாமலே முடியும்.