சாமரனுக்குச் சிக்கு எடுத்த கதை

குவளநாட்டில் மகாராஜாவைவிட அவர் நாய்க்குத்தான் மரியாதை அதிகம். கடல் தாண்டி வந்த சடைநாய்; சாமரன் என்று பெயர். அது நடந்து வந்தால் மந்திரிமார் எழுந்து நிற்பார்கள். கொட்டாவி விட்டால் ஆஸ்தானப் புலவர் வெண்பா பாடுவார். தளை தட்டும், நாய் பொருட்படுத்தாது.

எழுந்து நிற்காதவன் விகடகவி மருதையன் ஒருவன்தான். அதைப் பிடித்துக்கொண்டார் பிரதானி உத்தண்டராயர். ராஜாவின் காதில், "மருதையன் நம் சாமரனைத் துடைப்பம் என்கிறான்" என்றார். மருதையனிடம் வந்து, "ராஜா உன்னைத் தண்டச்சோறு என்கிறார், தம்பி" என்றார். அவருக்குக் கைவந்த தொழில் அது. ராணிக்கும் தளபதிக்கும் பேச்சு நின்றுபோனதும் அவர் புண்ணியத்தில்தான்.

பிரதானிக்கு இன்னொரு தொண்டும் உண்டு. காலையில் ராஜாவின் கண்ணெதிரே சாமரனை மடியில் கிடத்தி, மயிரைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து, பட்டுநூலால் வெள்ளிச் சலங்கை கட்டுவார். ராஜா பூரித்துப்போவார். மாலையில் வேலைக்காரர்கள் சலங்கைகளைப் பிய்த்து எடுப்பார்கள்.

ஒருநாள் ராஜா தடவிக்கொடுக்கப் போனார். சாமரன் உறுமியது. காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் மயிர் கம்பளிக் கட்டியாக இறுகியிருந்தது.

"கத்தரித்துவிடலாம்" என்றார் வைத்தியர்.

"ராஜநாய்க்குக் கத்தரியா? அபசாரம்!" என்றார் பிரதானி. "எழுந்து நிற்காத கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் எடுக்கட்டும்."

ராஜா மருதையன் பக்கம் திரும்பினார். "ஒரு மயிரை வெட்டக் கூடாது. நாய் முனகக் கூடாது. மறுபடி சிக்கு விழவும் கூடாது. தவறினால் உன் குடுமியை மழித்து எல்லைக்கு வெளியே துரத்துவேன்."

மருதையன் குடுமியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாய்க்காகப் போகிற குடுமி! அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எல்லைக்கு வெளியே விகடத்துக்குச் சோறு போடுவார் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அதுவும் நின்றது.

"தண்ணீர் கொண்டுவாருங்கள், குளிப்பாட்டட்டும்" என்று அவசரப்பட்டார் பிரதானி.

"நனைத்தால் முடிச்சு இறுகும், ஐயா. சந்தேகமென்றால் உங்கள் கோவண முடிச்சை நனைத்துவிட்டு அவிழ்த்துப் பாருங்கள்."

கொஞ்சம் எண்ணெய் தடவி, கட்டிகளை விரலால் பிரித்தான். மயிரின் அடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியில் சீப்பை வைத்தான்.

"நுனியிலா? எந்த வேலையையும் அடியிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்?" என்றார் பிரதானி.

"அடியில் இழுத்தால் கடிக்கும். நீங்கள் தொடங்குங்கள், நான் மருந்து அரைத்து வைக்கிறேன்."

பிரதானி இரண்டடி பின்வாங்கினார்.

பிரித்த கட்டிகளின் நடுவே பட்டுநூல் துணுக்குகள் கிடந்தன. மருதையன் அவற்றை ஓரமாகச் சேர்த்தான். விளக்கேற்றும் நேரத்தில் சீப்பு காதிலிருந்து வால்வரை தடையில்லாமல் ஓடியது. சாமரன் குறட்டை விட்டது.

ராஜா முகம் மலர்ந்தார். பிரதானி விடவில்லை. "இன்றைக்குச் சரி. நாளைக்கு விழுந்தால்? மறுபடி விழக் கூடாது என்பதல்லவா ஆணை?"

"தினம் சீவினால் பாதி விழாது" என்றான் மருதையன். "மீதி மகாராஜா கையில்தான் இருக்கிறது."

"என் கையிலா?"

மருதையன் நூல் துணுக்குகளை ராஜாவின் முன் குவித்தான்.

"சிக்குக்குள் இருந்தது இதுதான், மகாராஜா. நாய்க்கும் அரண்மனைக்கும் ஒரே வைத்தியம். சிண்டு முடிகிறவரைக் கிட்டே சேர்க்காதீர்கள்."

முதலில் சிரித்தது திரைக்குப் பின்னாலிருந்த ராணி. அடுத்துத் தளபதி. ராஜாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. ஆனால் அவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சலங்கைகளை மருதையனுக்குக் கொடுத்துவிட்டு, பிரதானியைக் குதிரை லாயத்துக்கு அனுப்பினார். அங்கே முடிய வால்கள் நிறைய உண்டு. உதைக்கக் கால்களும் உண்டு.

மறுநாள் சாமரன் சபைக்கு வந்தது. மந்திரிமார் எழுந்து நின்றார்கள். அது நேரே போய் மருதையன் காலடியில் படுத்துக்கொண்டது. இனி அவனுக்கும் எழுந்து நிற்க வேண்டுமா என்று மந்திரிமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.