மாடத்தியம்மையார் கேட்ட மருத்துவர்

பெண்கள் சிறையில் கழிவறை கழுவும் வேலை மாடத்தியம்மையாருடையது. குடிவெறியில் மகளை அடித்தே கொல்லவிருந்த கணவனை வெட்டி, ஆயுள் தண்டனை பெற்று வந்தவர். ஒவ்வொரு வாளி நீரையும் "முருகா, உனக்கு அபிஷேகம்" என்று சொல்லியே ஊற்றுவார். கேட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் பொருட்படுத்தியதில்லை.

அந்த ஆண்டு செல்லக்கிளி என்ற விசாரணைக் கைதி வந்தாள். கைக்குழந்தையோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்தவள். பேச்சு நின்றுபோயிருந்தது. சுவரில் நெற்றியை மோதிக்கொள்வாள். "ஜாமீனுக்கு நடிக்கா" என்றார்கள் மற்றவர்கள். மனநல மருத்துவர் அங்கு கடைசியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மையார் அவளைத் தம் பாயருகே படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டினார். மனுக் கொடுக்கும் திங்கட்கிழமைதோறும் வரிசையில் நின்று, "இவளுக்கு மனசு டாக்டர் வேணும்" என்று அது ஒன்றையே கேட்டார்.

பதினோராவது வாரம் வார்டர் கனகவல்லி மனுவைக் கிழித்துப் போட்டார்.

"கக்கூஸ் கழுவுத ஒனக்கு டாக்டர் கேக்குதோ? ஒன் முருகன்கிட்டயே கேளு."

"அவன்கிட்டயுந்தான் கேக்கேன் வார்டரம்மா. ரெண்டு பேர்ல யாரு முந்துதீங்கன்னு பாப்போம்."

அந்தப் பேச்சுக்காக அவருடைய பரோல் நிறுத்தப்பட்டது. மகளின் கல்யாணம் தாய் இல்லாமலே நடந்தது. அன்றும் ஒவ்வொரு வாளிக்கும் அபிஷேகம் சொன்னார். அடுத்த திங்கட்கிழமையும் அவர் மனுவோடு நின்றார்.

சில நாளில், மாவட்ட நீதிபதி சங்கரவடிவு அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் சிறைக்கு வந்தார். கைதிகள் யாரும் வாய் திறக்கக் கூடாதென்று வார்டர்களின் உத்தரவு. அம்மையார் செல்லக்கிளியின் கையைப் பிடித்தபடி முன்னே வந்தார்.

"நெத்திக் காயத்துக்கு மருந்து போட்டாச்சு தாயி. மனசுக் காயத்துக்குத்தான் ஆளில்ல."

நீதிபதி அங்கேயே அமர்ந்து விசாரித்தார். வாரந்தோறும் மனநல மருத்துவர் வர வேண்டும் என்று ஆணையிட்டார். நிறுத்திய பரோலையும் வழங்கச் சொன்னார். புறப்படும்போது அம்மையாரிடம், "நான் திருச்செந்தூருக்குக் கெளம்புனவ. பாதி வழியில என்னமோ தோணுச்சு. வண்டிய இங்க திருப்பச் சொல்லிட்டேன்" என்றார்.

அம்மையார் கூப்பிய கையை வெகுநேரம் இறக்கவில்லை.

முதல் புதன்கிழமை மருத்துவர் வந்தபோது நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். நடிப்பென்று சொன்னவர்களும் நின்றார்கள். நான்காம் மாதம் செல்லக்கிளி தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

தன்னைக் காண வந்தவரையே திருப்பி, தன் அடியாரைக் காண அனுப்பினான் செந்திலாண்டவன். அவ்வடியார் மாடத்தியம்மையாரின் பாதம் பணிவோம்.