மதிலுக்கு வெளியே மோர்

“அம்மா, நாலு மணிக்கு ஆட்டம். நான் உள்ளே போகலாமா, கூடாதா?”

கேட்டவர் மாசிலாமணி. வயது ஐம்பத்தெட்டு. குரு உலகம்மைக்கு நாற்பது. இப்படிப்பட்ட கதைகளில் குருவுக்கு நரைத்த தாடி இருப்பது மரபு. உலகம்மைக்கு அதற்கு வழியில்லை. கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மடம் சின்னது. கடம்பன்குளம் கால்பந்து மைதானத்துக்குப் பின்னால், மதிலை ஒட்டி இருந்தது. மாதத்துக்கு இரண்டு பந்தாவது கீரையில் வந்து விழும்.

“போனா என்ன அண்ணாச்சி?”

“போனா தோத்துருவோம்.”

உலகம்மை குடத்தைக் கீழே வைத்தார்.

மாசிலாமணி விளக்கினார். இந்த ஆண்டின் முதல் ஆட்டத்தை உள்ளே உட்கார்ந்துதான் பார்த்தார். மூன்று கோல் வாங்கியது கடம்பன்குளம். தாங்காமல் வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்றார். உள்ளே நான்கு கோல் விழுந்தது. நான்கும் கடம்பன்குளம் போட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதே புளியமரம். மைதானத்துக்கு முதுகு, மரத்துக்கு முகம். மேலும் ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி.

இன்று பிளே-ஆஃப். எதிரில் ஆலடியூர். ஜெயிக்கிற அணி முதல் டிவிஷனுக்கு ஏறும். கடம்பன்குளம் அங்கிருந்து இறங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

“காகம் உக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்லுவீங்க. ஏழு தடவையுமா விழும்?”

“காகத்தைக் கேட்டா, நான்தான் தள்ளினேன்னு சொல்லும்.”

“ஊரும் அப்படித்தாம்மா சொல்லுது. காலையில டீக்கடையில கேப்டன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ‘அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மரத்தை விட்டு நகந்துராதீங்க’ன்னு. டீக்குக் காசு வாங்க மாட்டேங்கிறான் கடைக்காரன். இவ்வளவு மரியாதை எனக்குக் கல்யாணத்தன்னைக்குக்கூடக் கிடைக்கல.”

“பிறகென்ன? மரத்தடிக்குப் போங்க.”

மாசிலாமணி காலால் மண்ணைக் கீறினார்.

“ரூபன்னு ஒரு பையன். ஒன்பதாம் நம்பர். ரெண்டாவது ஆட்டத்துலதான் வந்து சேர்ந்தான். பதினோரு கோல் போட்டிருக்கான். ஊரெல்லாம் அவன் பேச்சுதான். அவன் இடதுகால்காரனா வலதுகால்காரனான்னுகூட எனக்குத் தெரியாது. முதல் டிவிஷனுக்கு ஏறிட்டா, எவனாவது பெரிய கிளப்காரன் கொத்திக்கிட்டுப் போயிருவான்.”

“ம்.”

“ஒரு தடவை பார்க்கணும்மா.”

உலகம்மை உள்ளே போனார். தூக்குவாளி நிறைய மோரும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்தார்.

“மதிலை ஒரு சுத்துச் சுத்தி வாங்க. தாகமா நிக்கிறவங்களுக்குக் கொடுங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“மோர் புளிச்சிரும். கிளம்புங்க.”

மாசிலாமணி கிளம்பினார். புளியமரத்தைக் கடந்தார். யாரும் இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தைக் கடந்தார். யாரும் இல்லை. உள்ளே விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

மதிலின் மறுகோடியில், ஒரு வேப்பமரத்தடியில், மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

மஞ்சள், ஆலடியூரின் நிறம்.

“யாருவே நீரு?”

“சவரிமுத்து. ஆலடியூர்.”

“இங்க என்ன பண்றீரு?”

“நிக்கேன்.”

“எத்தனை ஆட்டமா?”

“எங்க குரூப்புல ஒன்பது.”

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தார். இவருக்கு ஏழுதான்.

“எல்லாத்திலயும் ஜெயிச்சீங்களா?”

“எட்டு ஜெயிச்சோம். ஒண்ணு டிரா. அன்னைக்குத் தும்மல் வந்து லேசாத் திரும்பிட்டேன்.”

மாசிலாமணி தலையசைத்தார். தொழில் தெரிந்தவருக்கு மட்டுமே புரிகிற விஷயம் அது.

“காலையில அந்த மடத்தம்மாகிட்ட, உள்ளே போகவா வேண்டாமான்னு கேட்டேன்” என்றார் சவரிமுத்து.

“என்ன சொன்னாங்க?”

“மோர் வரும்னாங்க.”

மாசிலாமணி மோரை ஊற்றினார். இருவரும் குடித்தார்கள். உள்ளே பெரிய ஆரவாரம் எழுந்தது.

“அது எங்க சத்தம்” என்றார் சவரிமுத்து.

“போவும். அது எங்க ஊர்த் தொண்டை.”

“எட்டிப் பாரும்.”

“நீரு பாரும்.”

யாரும் பார்க்கவில்லை. ஆரவாரம் அடங்கியது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

“நீரு ஒன்பது, நான் ஏழு” என்றார் மாசிலாமணி மெதுவாக. “ரெண்டு பேரும் வெளியே. இன்னைக்கு யாரு ஜெயிக்கணும்?”

சவரிமுத்து டம்ளரின் அடியைப் பார்த்தார்.

“உமக்காக நான் வேணும்னா உள்ளே போறேன், உங்க ஊரு ஜெயிக்கட்டும்” என்றார்.

“அடேயப்பா! நீரு பார்த்துக்கிட்டிருப்பீரு, நான் மரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கணுமா?”

“அப்ப உம்ம ஊரு தோத்தாப் பரவாயில்லையா?”

மாசிலாமணி இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினார். குடிக்கவில்லை.

“வே, ரெண்டு பேரும் வெளியே நின்னா ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப்போச்சு.”

“ஆமா.”

“ரெண்டு பேரும் உள்ளே போனா?”

சவரிமுத்து பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வாளியை நான் தூக்கிக்கிறேன்” என்றார்.

வாசலில் அவர்களைக் கண்டதும் கடம்பன்குளம் பக்கம் எழுந்து நின்றது.

“அண்ணாச்சி! வெளியே போங்க! குடியைக் கெடுத்துராதீங்க!”

எதிர்ப்பக்கம் ஆலடியூரும் எழுந்தது.

“லே சவரி! உள்ளே போனே, அப்புறம் ஊருக்குள்ள காலை வச்சிராதே!”

இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

பார்வையாளர் படிக்கட்டின் நடுவரிசையில் ஒரு துண்டு விரித்திருந்தது. இரண்டு பேர் உட்காருகிற அகலம். பக்கத்தில் உலகம்மை இருந்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போய் உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து ஒரு நிலக்கடலை மாசிலாமணியின் முதுகில் வந்து விழுந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“கோல் எத்தனைம்மா?”

“இன்னும் இல்லை.”

“தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா? இனிமே தோத்துட்டா இந்த ஊரு என்னை...”

“அண்ணாச்சி, ஒன்பதாம் நம்பர்கிட்டப் பந்து வந்திருக்கு.”

மாசிலாமணி கண்ணைத் திறந்தார்.

ஒல்லியாக, காது பெரிதாக ஒருவன். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் குறுக்கே விழுந்தான், அவனையும் தாண்டினான். தலை நிமிர்ந்தது. கால் பின்னால் போனது.

“இடதுகால்!” என்று கத்தினார் மாசிலாமணி.