நாற்பது பேரும் மூன்று பேரும்

டாக்டர் தேவசகாயத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. ஈரலை அதிகம் கெடுக்கிற மருந்து எது? இருபது வருஷம் கிராமத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, ஐம்பது வயதில் ஈரல் வார்டுக்குப் படிக்க வந்திருந்தார். சொல்லிக்கொடுத்த டாக்டர் சபீனா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

ஆறு வருஷத்து கேஸ் ஷீட்டுகளை எடுத்து, தூசியில் தும்மித் தும்மி ஒரு பட்டியல் போட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். வலிப்புக்குக் கொடுக்கிறோமே, அந்த வெள்ளை மாத்திரைதான். அதைச் சாப்பிட்டு ஈரல் கெட்டு நாற்பது பேர் வந்திருக்காங்க. அதே வலிப்புக்கு உள்ள மஞ்சள் மாத்திரையால மூணே பேர்."

"சரி. என்ன செய்யப் போறீங்க சார்?"

"செஞ்சிட்டேன். இப்பதான் ஓ.பி.யில முத்துப்பேச்சிக்கு வெள்ளையை நிறுத்திட்டு மஞ்சள் எழுதினேன்."

முத்துப்பேச்சி சித்தாள். சாரத்தில் ஏறிச் செங்கல் தூக்குகிறவள். வெள்ளை மாத்திரையின் புண்ணியத்தில் நாலு வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஈரலுக்கும் ஒரு குறையும் இல்லை.

சபீனா பட்டியலை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"மருந்துக் கவுண்டர்ல ஒண்ணு கேட்டுட்டு வாங்க. இதுவரைக்கும் வெள்ளை எத்தனை பேருக்குக் கொடுத்தாங்க, மஞ்சள் எத்தனை பேருக்கு?"

கவுண்டரில் இருந்த கோமதி பதிவேட்டைப் புரட்டினாள்.

"ஆறு வருஷத்துல வெள்ளை பதினோராயிரம் பேருக்குப் போயிருக்கு சார். மஞ்சள் போன மாசம்தான் வந்துச்சு. இன்னைக்கு நீங்க எழுதினதையும் சேர்த்துப் பத்துப் பேர்."

"அந்தம்மா வாங்கிட்டாங்களா?"

"இப்பத்தான் போறாங்க."

வெள்ளையில் பதினோராயிரத்துக்கு நாற்பது; மஞ்சளில் ஏற்கெனவே சாப்பிட்ட ஒன்பதுக்கு மூன்று. கணக்கு புரிந்ததும் தேவசகாயம் ஐம்பது வயதை மறந்து ஓடினார். பஸ் ஸ்டாப்பில் முத்துப்பேச்சி ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் மஞ்சள் மாத்திரையுமாக நின்றாள்.

"சாப்பிடாதீங்கம்மா!"

"நீங்கதான சார் சாப்பிடச் சொன்னீங்க?"

"தப்பு என்னோடது. பழைய மாத்திரையே போதும், ஒரு நாள்கூட விடாதீங்க."

மூச்சிரைக்க வார்டுக்குத் திரும்பினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும் அந்தச் சந்தேகப் புத்தி போகவில்லை.

"ஒரு ஷீட் விடாமப் படிச்சேனே மேடம். இது எப்படி என் கண்ணுல படல?"

சபீனா கட்டில்களை ஒருமுறை பார்த்தார்.

"இங்க வந்து படுத்தவங்களுக்குத்தான் சார் ஷீட் இருக்கு. சாரத்துல ஏறி வேலை பார்க்கிறவ அதுல எப்படி வருவா?"