மஞ்சள் கோடு

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் வகிதா என்றொரு பேராசிரியை இருந்தார். அணுக்கள் விடும் ஒளியை ஆராய்பவர். அவரிடம் ஞானதுரை ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர். பேராசிரியையைவிட வயதில் மூத்தவர்.

ஒருநாள் மதியம் ஞானதுரை கோபமாக வந்து நின்றார்.

“மேடம், என் லித்தியம் உப்பைச் சுடரில் காட்டி நிறமாலையைப் பார்த்தால் சிவப்புக் கோடு மட்டும்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூடவே மஞ்சள் கோடு வருகிறது. யாரோ சோடியம் கலந்திருக்கிறார்கள்.”

“யார்?”

“இசக்கியம்மாள்தான். பக்கத்து மேசையில் நாளெல்லாம் சாப்பாட்டு உப்பை வைத்துத்தானே ஆராய்ச்சி செய்கிறாள். குடும்பமே உப்பளத்தில் வேலை பார்த்தது. கையில் ஒட்டாமல் இருக்குமா? துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கேட்டார்.”

“அவள் என்ன சொன்னாள்?”

“என் பாட்டிலைத் தொடவே இல்லை என்றாள். அழுதாள். படிப்பே வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று போய்விட்டாள்.”

வகிதா விடுதிக்குப் போன் செய்து ஏதோ கேட்டுவிட்டு, எழுந்து ஆய்வகத்துக்குப் போனார். ஞானதுரை பின்னால் போனார்.

வகிதா பர்னரைப் பற்றவைத்தார். ஒரு பிளாட்டினக் கம்பியை இடுக்கியால் எடுத்தார். அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டினார். மறுபடி தோய்த்தார், மறுபடி காட்டினார். கடைசியில் சுடரில் எந்த நிறமும் ஏறவில்லை.

“சுத்தமா?”

“சுத்தம்தான், மேடம்.”

கம்பியை ஆறவிட்டு நீட்டினார்.

“விரலால் தடவுங்கள்.”

ஞானதுரை தடவினார். வகிதா கம்பியைச் சுடரில் வைத்தார். சுடர் மஞ்சளாகப் பொங்கியது.

ஞானதுரை தம் விரல்களைப் பார்த்தார்.

“காலையில்கூட சோப்புப் போட்டுக் கழுவினேனே.”

“வியர்வையில் உப்பு உண்டு. நீங்கள் கம்பியில் லித்தியத்தை எப்படி எடுக்கிறீர்கள்?”

“கம்பியை ஒருமுறை கையால் துடைத்துவிட்டு…” சொல்லிக்கொண்டே கம்பியைப் பார்த்தார்.

பிறகு கேட்டார். “கண்ணுக்கே தெரியாத உப்புக்கா இவ்வளவு வெளிச்சம்?”

“சூட்டில் எலக்ட்ரான் மேல் நிலைக்கு ஏறுகிறது. அங்கே தங்குவதில்லை, இறங்கிவிடுகிறது. இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியாக விட்டுவிடுகிறது. சோடியத்துக்கு அது மஞ்சள். சுடரில் இருக்கும்வரை ஏறி ஏறி இறங்கும். துளி போதும்.”

ஞானதுரை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தப்பு என்னுடையது, மேடம். அவளிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் துறை முழுக்கப் பரவிவிட்டதே. இந்த வயதில் எல்லார் முன்னாலும் போய் நிற்பதென்றால்… கொஞ்ச நாள் போகட்டும். ஆறிய பிறகு சொல்கிறேன்.”

வகிதா பர்னரை அணைத்தார்.

“அணுக்கருவும் இதேபோல் மேல் நிலையிலிருந்து இறங்கும், இல்லையா?”

“ஆமாம். காமாக் கதிரை விடும்.”

“சோடியத்தின் எலக்ட்ரான் கண் இமைப்பதற்குள் இறங்கிவிடுகிறது. சில அணுக்கருக்கள் ஆண்டுக்கணக்கில் மேலேயே நிற்கும். கடைசியில் அவையும் இறங்கும், ஒளியும் விடும். ஆனால் அந்த ஒளி யார் கண்ணுக்கும் தெரியாது.”

ஞானதுரை ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“இசக்கியம்மாள் இன்னும் விடுதியில்தான் இருக்கிறாள்” என்றார் வகிதா. “பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.”

ஞானதுரை லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் விடுதிப் பக்கம் நடந்தார்.