வடிவு கேட்ட உளுந்தங்களி

அழகநம்பி வைத்தியர் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது, மத்தியானப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவுக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடந்தும் அவருக்கு இடுப்பு வலிக்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

மடத்தை நடத்திவந்தவர் உமையாள் அம்மை. அழகநம்பி அவரிடம்தான் வைத்தியம் கற்றார். குருவைவிடச் சீடருக்கு வயது கூட. இப்போது அவருக்கு ஊரில் நல்ல பெயர். நாள்பட்ட காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் அவர் வாசலில்தான் வந்து நின்றார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது படியில் உட்கார்ந்திருக்கும் வடிவைப் பார்ப்பார்கள். குச்சிபோன்ற அவள் கைகால்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போவார்கள்.

"அம்மை, இது என் கைக்கு அடங்கலை. நீங்கதான் பாக்கணும்."

உமையாள் அம்மை குழந்தையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். வயிற்றை அமுக்கி, நாடி பிடித்தார். பூச்சித் தொந்தரவு உண்டா, நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டார்.

"நோய் ஒண்ணும் இல்லை. சாப்பாடு எப்படி?"

"வெள்ளைச் சோறும் மோரும்தான். அதுல ஒரு கடுகு கிடந்தாலும் வாயை மூடிக்கிடுவா. எனக்குத் தெரிஞ்ச லேகியம் அத்தனையும் கிண்டிக் கொடுத்துட்டேன்."

"எப்படி ஊட்டுதீர்?"

அழகநம்பி தயங்கினார். "இவ அம்மா காந்திமதி கையைப் பிடிச்சுக்கிடுவா. நான் ஊட்டுவேன். ஒரு வாய்க்கு ஒரு கதை. கதை தீந்தா மிரட்டல்."

"மிரட்டல் தீந்தா?"

"மூக்கைப் பிடிப்பேன், அம்மை."

உமையாள் அம்மை குழந்தையைப் பார்த்தார். வடிவு அப்பாவின் வேட்டியைப் பற்றிக்கொண்டு அடுக்களை வாசலையே பார்த்தபடி நின்றாள். அங்கிருந்து யாரோ தன்னைப் பிடிக்க வருவார்கள் என்பதுபோல.

"பந்தியில வந்து உக்காரும். இன்னிக்கு உமக்கு நான் ஊட்டுதேன்."

அழகநம்பி சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. வழிப்போக்கர்களும் நோயாளிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்த பந்தியில் அவரை உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்தார். ஒரு கவளம் பிசைந்து அவர் வாயில் வைத்தார். விழுங்குவதற்குள் அடுத்தது.

"மெல்லும். ம்... முழுங்கும். ஏன் கன்னத்துல அதக்கி வச்சிருக்கீர்?"

பந்தி முழுக்க அவர் வாயையே பார்த்தது. நல்ல பசியோடு வந்தவர்தான். நாலைந்து கவளத்துக்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மையின் விரல்கள் அவர் மூக்கை நோக்கி வந்தன. கண்ணில் நீர் முட்ட அவர் தலையை ஆட்டினார்.

அம்மை வடிவு பக்கம் திரும்பினார். "ஏளா, உங்கப்பா பாவமா இருக்காரு. விட்டுரட்டுமா?"

குழந்தை மிரண்டு பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "போதும். விட்டுருங்க" என்றாள்.

அம்மையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கவளத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

வடிவு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் ஓர் இலை போட்டார்கள். பரிமாறுகிறவர் சோற்றுடன் வந்தார்.

"போதும்" என்றாள் வடிவு, வெறும் இலையைப் பார்த்து.

பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அழகநம்பி பாதி எழுந்துவிட்டார்.

"உக்காரும்" என்றார் அம்மை.

"ஒரு வாய் மோராவது..."

"அடுத்த பந்தி சாயங்காலம். அதுவரைக்கும் தண்ணி கேட்டா கொடும். வேற ஒண்ணும் கூடாது."

அந்தப் பகல் அவருக்கு நகரவே இல்லை. சாயங்காலம் வடிவு தானாகவே வந்து இலைமுன் உட்கார்ந்து மோர்ச்சோறு தின்றாள். இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை பருப்பு வைத்திருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. தொடவில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை.

இருவரும் மடத்திலேயே தங்கினார்கள். ஊரிலிருந்த காந்திமதிக்குச் சொல்லியனுப்பினார்கள். மடத்தில் வேளாவேளைக்குப் பந்தி. இடையில் கொறிக்க எதுவும் இல்லை. எல்லோருக்கும் என்ன உண்டோ அதுதான் வடிவுக்கும். அவளுக்குப் பழகிய மோரும் சோறும் எப்போதும் இருந்தன. அவற்றோடு ஒரு துளி நெய்ச்சோறோ, கருப்பட்டி போட்ட வேர்க்கடலையோ, வாழைப்பழத் துண்டோ இலை ஓரத்தில் இருக்கும். சில நாள் மோந்து பார்ப்பாள். ஒருநாள் பருப்பை வாயில் போட்டுத் துப்பினாள். அம்மை வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் பருப்பு வந்தது.

அழகநம்பிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஓடைக்கரையில் யாரும் இல்லாதபோது, துண்டுக்குள் மறைத்து வைத்திருந்த நெய்யுருண்டையை எடுத்தார்.

"என் கண்ணுல்லா... ஒரே ஒரு வாய். அப்பாவுக்காக."

வடிவின் வாய் இறுகியது. அன்று சாயங்காலமும் மறுநாள் காலையிலும் அவள் இலைப்பக்கமே வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் அம்மையிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"பயமா இருக்கு, அம்மை. தவமிருந்து பெத்த பிள்ளை. கை சும்மா இருக்க மாட்டேங்கு."

"சும்மா ஏன் இருக்கணும்? இனிமே பந்திக்கு நீர் பரிமாறும்."

அன்று மத்தியானம் கரண்டியும் பாத்திரமும் அவர் கைக்கு வந்தன. இலை இலையாகப் போனார். 'இன்னும்' என்றவர்களுக்குப் போட்டார். 'போதும்' என்றவர்களைக் கடந்தார். கடைசி இலையில் வடிவு இருந்தாள். பசியில் உதடு காய்ந்திருந்தது. அப்பா கையில் கரண்டியைப் பார்த்ததும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் ஒரு கரண்டி சோறு போட்டார். அடுத்த கரண்டியைச் சாய்த்தார்.

"போதும்" என்றாள்.

இலையில் கோழிக்குஞ்சுக்குக்கூடப் பத்தாத சோறு. அவர் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். திரும்பி நடந்தார்.

சற்றுத் தூரம் போயிருப்பார்.

"அப்பா."

திரும்பினார். வடிவு முதுகைச் சுவரிலிருந்து எடுத்திருந்தாள். அவரையே உற்றுப் பார்த்தாள்.

"கொஞ்சம் போடுங்க."

போட்டார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு ஒரு மழைநாளில் உளுந்தங்களி கிண்டினார்கள். பக்கத்து இலையில் ஓர் அம்மாள் களியில் விரலால் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டுக்கொள்வதை வடிவு பார்த்தாள். தனக்கும் களி கேட்டாள். குழி பறித்தாள். எண்ணெய் வழிந்தது. இன்னொரு குழி பறித்தாள். முழங்கை வரை களி. விளையாட்டு மும்முரத்தில் விரல் வாய்க்குள் போனது. நின்றாள். யோசித்தாள். மறுபடி விரலை நக்கினாள்.

அழகநம்பி வாய் திறக்கப்போனார்.

"பாராட்டும் வேண்டாம். சாப்பிட்டா நல்ல பிள்ளைன்னா, சாப்பிடாத அன்னிக்கு அவ யாரு?" என்றார் அம்மை, மெதுவாக.

அவர் வாயை மூடிக்கொண்டார். அன்று வடிவின் இலையில் களி மிஞ்சவில்லை.

ஆவணியில் வந்தவர்கள். கார்த்திகையில் காந்திமதி மகளைப் பார்க்க வந்தாள். மேட்டில் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு யாரோ ஒரு பிள்ளை ஓடுவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நடந்தவள் சட்டென்று நின்றாள். கன்னம் உப்பி, முழங்கால் எலும்பு மறைந்து, கருகருவென்று ஒரு பிள்ளை. அது "அம்மா!" என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கி அவள்மேல் வந்து மோதியது.

காந்திமதி வழக்கம்போல ஒரு கையால் அள்ளித் தூக்கப்பார்த்தாள். தூக்க முடியாமல் பிள்ளையோடு ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாத்தே! என்னமா கனக்கா! வாங்களேன், இவ கனத்தைப் பாருங்களேன்!"

சிரித்தாள். அழுதாள். மடத்திலிருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அழகநம்பி மகளைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினார். மூச்சு வாங்கியது. தோள்பட்டை கடுத்தது. இறக்கவே மனமில்லை.

"அப்பா, இறக்குங்க! பந்திக்கு நேரமாச்சு. இன்னிக்குக் களி! எனக்குப் பெரிய உருண்டை!"

இறங்கி ஓடி, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அழகநம்பி குருவின் காலில் விழுந்து எழுந்தார்.

"அம்மை, இனிமே எங்க கையில. ஒரு வேளைக்கு இவளுக்கு எவ்வளவு போடணும்? அளவு மட்டும் சொல்லிருங்க."

உமையாள் அம்மை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே கேட்டார்:

"காலைப் பந்தியில நீர் போதும்னு எந்திரிச்சீரே, அதை உமக்கு யாரு சொன்னா?"