சிப்பாய்க்குக் கட்டிய கோவணம்

கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொல்ற கதையில்லை இது.

"சாமி, எனக்குத் தியானம் கூடலை," என்றார் குலசேகரம்.

"ஏன் ஐயா?"

வேலாண்டிச் சாமிக்கு நாற்பது வயசு. சீடருக்கு அறுபது தாண்டியாச்சு. அதனால் குருதான் சீடரை ஐயா என்பார்.

"கண்ணை மூடினா சிப்பாய் முனகுறதுதான் கேக்குது."

சிப்பாய், அவரோடு வீட்டை விட்டு மடத்துக்கு வந்த கடுவன் நாய். பெண்டாட்டி போன பிறகு அவருக்கென்று மிஞ்சின ஒரே உயிர்.

"அவனுக்கு என்ன?"

"நேத்து கம்பிவேலியைத் தாண்டினான். கீறிடுச்சு. வாசல்லயே காலைத் தூக்கி வச்சுக்கிட்டு நக்குறான். கும்பிட வர்ற பொம்பளைங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க."

"காயத்தைப் பார்த்தீங்களா?"

"அங்க போய் எப்படிச் சாமி பார்க்கிறது? ஆனா மானத்துக்கு ஒரு வழி பண்ணிட்டேன்."

என்ன வழி? காவித் துணியில் ஒரு முழம் கிழித்து, நாய்க்குக் கோவணம் கட்டியிருந்தார். நல்லா இறுக்கி.

சாமி சிரிக்கவில்லை.

"கட்டினதுக்கப்புறம் ஒண்ணுக்குப் போனானா?"

குலசேகரம் யோசித்தார். முகம் வெளுத்துப்போச்சு.

"காலைத் தூக்குறான்... கத்துறான்... படுத்துக்கிறான்."

சாமி எழுந்தார். கொதித்து ஆறின தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்து, ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

கோவணத்தை அவிழ்த்தால், துணி புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. நனைத்து நனைத்துத்தான் பிரித்தார். சிப்பாய் உறுமினான். சாமி அவன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவுங்க ஐயா."

"நானா?"

"கடிச்சா என்னைக் கடிக்கட்டும். கீழ தொடுறதுக்கு உங்க கையைத்தான் விடுவான்."

குலசேகரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரை ஊற்றினார்.

"ஐயா, அது என் கால்."

கண்ணைத் திறந்தார். குறியின் மேல்தோலில் நகம் பட்டாற்போல் ஒரு கீறல். அவ்வளவுதான். துணி உரசித்தான் வீங்கியிருந்தது.

மெதுவாகக் கழுவினார்.

"மஞ்சள் பத்துப் போடட்டுமா சாமி?"

"எரியும். தண்ணி போதும்."

பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றின் அடியை வெட்டி, நக்க முடியாதபடி சிப்பாயின் கழுத்தில் மாட்டினார் சாமி.

"மத்தியானத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

குலசேகரம் நாய் பக்கத்திலேயே குந்தினார். ஜபம் வாயில் வரவில்லை. "போடா ராசா, போயிடுடா," என்பதுதான் வந்தது.

வெயில் ஏறினது. சிப்பாய் தள்ளாடி எழுந்தான். வாளி இடிக்க இடிக்க ஒரு சுற்று வந்து, குலசேகரத்தின் மடியைப் பார்த்தே காலைத் தூக்கினான்.

அவர் நகரவில்லை. இரண்டு கையையும் குவித்து ஏந்தினார். குனிந்து பார்த்தார்.

"ரத்தமில்லை சாமி! தெளிவா இருக்கு சாமி!"

கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அந்நேரம் பார்த்து வெளியூர்க்காரர் சிலர் தட்டில் பழமும் பூவுமாக உள்ளே வந்தார்கள்.

"இங்க சாமி யாருங்க?"

காவி நனைந்து, கை ஒழுக நின்ற குலசேகரம், குருவைக் காட்டத் திரும்பினார்.

வேலாண்டி அதற்குள் அவரைக் கைகாட்டிவிட்டு, காலிச் சட்டியைக் கழுவப் போய்விட்டார்.